எதைத் தொடங்கினாலும் இருபது நாளில் நின்றுவிடுகிறது, என்ன செய்யலாம்?

குடந்தைக் கணக்கர்:
வயது 44. கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். காலை 9.30 முதல் இரவு 9 வரை நாற்காலிதான். புரட்டாசியில் ரத்தப் பரிசோதனை செய்தபோது மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.1 என்று வந்தது. 6.5-ஐத் தொட்டால்தான் நீரிழிவு என்பார்கள், நீங்கள் அதன் வாசலில் நிற்கிறீர்கள், மாத்திரைக்கு முன் பழக்கத்தை மாற்றிப் பாருங்கள் என்றார் மருத்துவர். என் அப்பாவுக்கு இதே நோயால் கால் கட்டைவிரலை எடுத்தார்கள். ஆறு மாதம் அந்தக் கட்டைப் பிரித்துக் கட்டியவன் நான். பயம் எப்படிப்பட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாளே விடிகாலை 5 மணிக்கு எழுந்து மகாமகக் குளத்தைச் சுற்றி ஒரு மணி நேரம் நடந்தேன். காபியில் சர்க்கரையை அடியோடு நிறுத்தினேன். இரவுச் சோற்றுக்குப் பதில் இரண்டு சப்பாத்தி. பதினெட்டாம் நாள் அடைமழை. அதற்கு அடுத்த நாள் அக்கா மகளுக்கு வளைகாப்பு. அத்தோடு மூன்றும் போயிற்று. இப்போது பழையபடி நாளுக்கு நான்கு காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை. 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்கள். அந்த 21-ஐத் தாண்டியவர்கள் எப்படித் தாண்டினீர்கள்?

மலைக்கோட்டை:
தம்பி, 34 ஆண்டு அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அப்பாவின் விரலைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட கட்டுகளை நானும் நிறையப் பிரித்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 21-ஐ மறந்துவிடுங்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரைக் கவனித்து 2009-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், இரவு உணவுக்கு முன் கால் மணி நேர ஓட்டம் என்று ஆளுக்கு ஒரு செயல். யோசிக்காமல் கை தானாகச் செய்கிற நிலைக்கு வர, நடுவாகப் பார்த்தால் 66 நாள் பிடித்தது. சிலருக்கு 18 நாளே போதும், சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பின்னடைவு இல்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. வளைகாப்புக்கு மறுநாள் நீங்கள் குளத்தைப் பத்து நிமிடம் சுற்றியிருந்தால் இந்தக் கேள்வியை எழுதியிருக்க மாட்டீர்கள்.

எனக்கும் 52 வயதில் 6.3 வந்தது. இரவுப் பணியில் காபிதான் துணை. சர்க்கரையை நான் குறைத்த விதத்தைச் சொல்கிறேன். எங்கள் வீட்டு டப்பாவில் கிடந்த கரண்டியைக் குவித்து அள்ளுவதுதான் வழக்கம். முதல் இரண்டு வாரம் கரண்டிக் கணக்கைத் தொடவே இல்லை. அள்ளியதை டப்பாவின் விளிம்பில் இழுத்துத் தலைதட்டினேன், அவ்வளவுதான். அடுத்த இரண்டு வாரம் ஒன்றே முக்கால். பிறகு ஒன்றரை. இப்படிக் கால் காலாக இறங்கி அரைக் கரண்டிக்கு வர மூன்றரை மாதம் ஆயிற்று. எந்த வாரமும் காபி கசக்கவில்லை. அதன்பின் ஒரு கல்யாண வீட்டில் கொடுத்த காபியை ஒரு வாய் குடித்ததும் பாயசம் போல இருந்தது, வைத்துவிட்டேன். தலைதட்டிய தேக்கரண்டியில் சுமார் 4 கிராம் சர்க்கரை. உங்கள் நான்கு காபிக்கு 32 கிராம். நாளுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்களுக்குக் காபியே அதைத் தாண்டிவிடுகிறது.

நடையைக் கடிகாரத்தோடு கட்டாதீர்கள். 5 மணி என்றால் முந்தின இரவின் தூக்கம், மழை, விருந்தாளி எல்லாம் குறுக்கே வரும். நாள் தவறாமல் செய்கிற ஒன்றோடு கட்டுங்கள். இரவு சாப்பிட்டுக் கைகழுவியதும், ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே செருப்பை மாட்டுங்கள். பத்து நிமிடம் போதும். சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரையைக் கால் தசைகள் வாங்கிக்கொள்ளும். மழை பெய்தால் வாசலுக்கும் கொல்லைக்கும் நடங்கள், அதுவும் நடைதான். சப்பாத்தியை இப்போது தொடாதீர்கள். ஒரே நாளில் மூன்று சுமை வேண்டாம்.

இதெல்லாம் பலிக்குமா என்று சந்தேகம் வந்தால், சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களைப் போல வாசலில் நின்ற 531 பேர். வழக்கம்போல் விடப்பட்டவர்களில் மூன்று ஆண்டில் 100-க்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களில் 39 பேருக்கு. மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவுதான் தப்பித்தார்கள்.

நாமக்கல் லாரி புக்கிங்:
அக்கா சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. சர்க்கரையைக் கால் காலாகக் குறைப்பது எனக்கு ஒத்துவரவில்லை. டப்பா கண்ணில் பட்டால் கை போய்விடும். ஒரே நாளில் நிறுத்தினேன், நான்கு ஆண்டு ஆகிறது. யாருக்கு எது என்பதை அவரவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் நடை எனக்கும் பத்து நிமிடத்தில்தான் தொடங்கியது. தினசரி நாட்காட்டித் தாளைக் கிழித்ததும் எறியாமல், பின்பக்கம் முந்தின நாள் எத்தனை நிமிடம் நடந்தேன் என்று எழுதி, பில் குத்தும் கம்பியில் குத்திவிடுவேன். நடக்காத நாளுக்கும் தாள் உண்டு, பூஜ்யம் என்று எழுதிக் குத்துவேன். பூஜ்யம் அடுத்தடுத்து இரண்டு தாளில் வரக்கூடாது என்பது மட்டும்தான் நான் வைத்துக்கொண்ட விதி. கம்பி நிறைந்தபோது எடுத்துப் பார்த்தேன், நடை தானாக 35 நிமிடத்துக்கு வந்திருந்தது.

உறையூர் மருமகள்:
ஒரு கேள்வி. அந்த நான்கு காபியை யார் கலக்கிறார்கள்? என் கணவர் குறைக்கிறேன் என்று முடிவு செய்து என்னிடம் சொல்லாமலே இருந்தார். நான் வழக்கம்போல் போட்டுக்கொண்டிருந்தேன், அவரும் குடித்துக்கொண்டிருந்தார். கலக்குகிற கைக்குத் தெரியாமல் எதுவும் குறையாது.

குடந்தைக் கணக்கர்:
வீட்டில் மனைவி கலக்குகிற காபி இரண்டு, கடைக்கு வருவது இரண்டு. இதை நான் யோசித்ததே இல்லை. இன்று இரவு அவளிடம் பேசுகிறேன். அக்கா சொன்னபடி தலைதட்டுவதிலிருந்து தொடங்குகிறேன். மூவருக்கும் நன்றி.

குடந்தைக் கணக்கர் (எட்டு வாரம் கழித்து):
நடந்ததை எழுதிவிடுகிறேன். வீட்டுக் காபி இப்போது ஒன்றேகால் கரண்டியில் இருக்கிறது. கடைக்குக் காபி கொண்டுவரும் பையனிடம் அரைச் சர்க்கரை என்று சொல்லி வைத்தேன். இரண்டு நாள் மறந்தான், பிறகு அவனே என் டம்ளரைத் தனியாக ஓரத்தில் வைத்துக் கொண்டுவருகிறான்.

56 இரவுகளில் 47 இரவு நடந்திருக்கிறேன். நாமக்கல் அண்ணன் போல நானும் தாள் குத்துகிறேன். ஒன்பது பூஜ்யம் இருக்கிறது, ஓரிடத்தில் இரண்டு அடுத்தடுத்து வந்துவிட்டது, அம்மாவுக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் போய்விட்டேன். போன வாரத்திலிருந்து பத்து நிமிடத்தில் திரும்பக் கால் வரவில்லை, குளக்கரை வரை போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருகிறேன். எடை ஒன்றும் பெரிதாகக் குறையவில்லை. மாசியில் மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும், எண் என்ன வந்தாலும் இங்கே எழுதுகிறேன்.

அக்கா, சப்பாத்தியை எப்போது தொடங்கலாம்? நேற்றுக் காலை கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது சமையலறையிலிருந்து டப்பா விளிம்பில் கரண்டியைத் தலைதட்டும் சத்தம் கேட்டது. என் காபி அப்போது என் கையில் இருந்தது. அவள் தன் காபிக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.