யான் கார்பரெக்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: நார்வே சாக்ஸபோன் கலைஞர் யான் கார்பரெக்கின் ‘ஐ டுக் அப் தி ரூன்ஸ்’ (1990) தொகுப்பில் நாட்டுப்புற மெட்டும் சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியும் கலந்து ஒலிக்கின்றன. ஜாஸ் பழக்கமில்லாத நான் எதை முதலில் கேட்பது?

மறுமொழி 1: தொடக்கத்தில் வரும் ‘குலா குலா’வையே கேளுங்கள். வட ஐரோப்பியப் பழங்குடியான சாமி (Sámi) இனத்தைச் சேர்ந்த பாடகி மாரி பாய்னேயின் அந்த மெட்டை கார்பரெக் அதிக அலங்காரமின்றி நீண்ட சுரங்களில் வாசிப்பதால், ஜாஸ் இலக்கணம் அறியாதவர்களுக்கும் அது எளிதில் பிடிபடும்.

மறுமொழி 2: பிறகு, ஐந்து பகுதிகளாக நீளும் ‘மோல்டே கான்டிகிள்’ கேட்கலாம். பூகே வெசல்டாஃப்டின் சின்தசைசரைவிட, பிரேசில் கலைஞர் நானா வாஸ்கான்செலோஸின் தாளவாத்தியங்களே இத்தொகுப்புக்கு உயிரூட்டுகின்றன என்பது என் கருத்து.

மறுமொழி 3: கர்நாடக இசைவழி நெருங்க விரும்பினால், வயலின் கலைஞர் எல். சங்கரின் ‘சாங் ஃபார் எவ்ரிஒன்’ தொகுப்பில், ஜாகிர் உசேனின் தபலாவுடன் கார்பரெக் வாசித்திருப்பதையும் கேளுங்கள்.