கணவர் மதம் மாறிவிட்டார், கல்யாணம் தானாகவே முறிந்துவிடுமா?

கிள்ளான்_தம்பி:
வணக்கம். அக்கா கல்யாணம் முறைப்படி பதிவானது, இரண்டு பிள்ளைகள், மூத்தவளுக்கு 9 வயது. அத்தான் இஸ்லாத்தைத் தழுவிவிட்டாராம். "இனி நமக்குள் ஒன்றுமில்லை, மற்றதை ஷரியா கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன்" என்று போனை வைத்துவிட்டார். பிள்ளைகளையும் மதம் மாற்றிவிட்டால் என்ன செய்வது என்று அக்கா தூங்காமல் இருக்கிறார். அவரால் தனியாக மாற்ற முடியுமா?

பினாங்கு_ரவி:
முடியும் தம்பி. 2007 சுபாஷினி வழக்கில் பெற்றோரில் ஒருவர் போதும் என்று மலேசியாவின் ஆக உயர்ந்த கூட்டரசு நீதிமன்றமே சொல்லிவிட்டது.

செல்வி_ஈப்போ:
ரவி, அது பழைய கதை. எங்கள் ஊர் பாலர்பள்ளி ஆசிரியை இந்திரா காந்தி வழக்கில், 2018 ஜனவரியில், அதே கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக, சிவில் திருமணத்தில் பிறந்த பிள்ளைகளை மதம் மாற்ற இருவர் சம்மதமும் வேண்டும் என்று தீர்ப்பளித்துவிட்டார்கள்.

தம்பி, போனில் சொன்னதால் கல்யாணம் முறியாது, சிவில் கோர்ட் முறித்தால்தான் உண்டு. 1976 திருமண, மணவிலக்குச் சட்டம் 51-ஆவது பிரிவில் அக்கா நேராக உயர் நீதிமன்றத்தில் மனு போடலாம், சமரசக் குழு முன்னால் போய் உட்காரும் சடங்கெல்லாம் இதற்குக் கிடையாது. முன்பு மதம் மாறாதவர் மட்டும்தான் இந்த மனுவைப் போட முடியும், சட்டத்தைத் திருத்தியதால் 2018 டிசம்பரிலிருந்து மாறியவரும் போடலாம், அதனால் ஷரியாவை விட்டால் வழியில்லை என்று அத்தான் சாக்குச் சொல்ல முடியாது. ஆனால் அந்தத் திருத்த மசோதாவில், பிள்ளைகளை மதம் மாற்ற இருவர் சம்மதமும் வேண்டும் என்றிருந்த 88ஏ பிரிவை 2017-ல் அரசாங்கமே உருவிவிட்டது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

மணவிலக்கு மெதுவாக நடக்கட்டும், முதலில் பிள்ளைகள் அக்காவிடமே இருக்க இடைக்காலப் பராமரிப்பு உத்தரவு கேளுங்கள். இந்திராவுக்கு 2010-லேயே சிவில் உத்தரவு கிடைத்தது, தகப்பன் கையில் ஷரியா உத்தரவும் இருந்ததால் போலீஸ் கையைக் கட்டிக்கொண்டது, தகப்பன் தூக்கிப்போன கடைசிப் பிள்ளைக்காக அந்தம்மா வருடக்கணக்கில் அலைந்தார்.

பினாங்கு_ரவி:
சரி, தீர்ப்பு இருக்கிறது. மாநிலங்கள் கேட்கிறதா?

செல்வி_ஈப்போ:
பெர்லிஸ் கேட்கவில்லை, தகப்பன் தனியாகப் பிள்ளைகளை மதம் மாற்றியதை எதிர்த்துத் தாய் லோ சியூ ஹோங் போட்ட வழக்கில் 2024-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது, கூட்டரசு நீதிமன்றமும் அதே வருடம் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்துவிட்டது. அதற்கு அந்தத் தாய் எத்தனை படி ஏறினார் என்று மட்டும் கேட்காதீர்கள்.

கிள்ளான்_தம்பி:
நன்றி அக்கா. பிறப்புப் பத்திரங்கள் அத்தான் கையில் இருக்கின்றன.

செல்வி_ஈப்போ:
பரவாயில்லை, பதிவு இலாகாவில் நகல் எடுக்கலாம், திருமணச் சான்றிதழுக்கும் சேர்த்தே எழுதிக்கொடுங்கள். வசதி இல்லையென்றால் அரசாங்கச் சட்ட உதவித் துறையில் கேளுங்கள். பள்ளித் தலைமையாசிரியரிடமும் இப்போதே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், உத்தரவு வந்ததும் நகலைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.