கோத்தகிரி வீட்டில் மரம் சாயுது, நான் மெல்போர்னில்: வெட்ட என்ன செய்யணும்?

புதுவரவு: மெல்போர்ன் வந்து மூணே வாரம். அம்மா கோத்தகிரியில தனியா இருக்காங்க. பின்னாடி மேட்டுல நிக்கிற மரம் மழையில சாஞ்சிருக்கு. பவர் (என் சார்பா வேற ஒருத்தர் செயல்பட அதிகாரம் தர்ற பத்திரம்) எழுதி அனுப்பணுமா? அவசரம்.

டாண்டினாங்: நோட்டரி முன்னாடி கையெழுத்துப் போட்டு அப்போஸ்டில் (வெளிநாட்டுல ஆவணம் செல்லுறதுக்கான அரசுச் சான்று) வாங்குங்க. பத்திரம் ஊருக்குப் போய்ச் சேர்ந்த 3 மாசத்துக்குள்ள முத்திரைத்தீர்வை கட்டணும்.

மழைக்காடு: தூதரகச் சான்றுதான் நல்லது. பத்திர ஆபீஸ்ல மறுகேள்வி வராது.

தேயிலைமேடு: பவர் எதுக்கு? சொந்தப் பட்டாதானே, ஆள் விட்டு வெட்டுங்க.

குன்னூர்க்குளிர்: தப்பு வழி காட்டாதீங்க. 1955 மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் பட்டா நிலத்துக்கும் பொருந்தும். அதுக்குன்னு இருக்கிற குழு அனுமதி இல்லாம வெட்டினா வழக்கு. என்ன மரம்? பட்டா யார் பேர்ல? சாஞ்சது எந்தப் பக்கம்?



மழைக்காடு: இங்கேயும் கவுன்சில் அனுமதி இல்லாம நினைச்ச மரத்தை வெட்ட முடியாது. அங்கேயோ ஒரு மனுவுக்கு நாலு ஆபீஸ் ஏறணும். வயசானவங்க என்ன பண்ணுவாங்க?

புதுவரவு: சவுக்கு. பட்டா மறைந்த அப்பா பேர்ல. பக்கத்து வீட்டுக் கூரைப் பக்கம் சாஞ்சிருக்கு, கீழே நடைபாதை.

குன்னூர்க்குளிர்: இதை முதல்லயே சொல்லியிருந்தா பவர் பேச்சே வந்திருக்காது. விழுந்து ஆளுக்குக் காயம் வரும்ங்கிற நிலையில இருக்கிற மரத்தை அகற்ற, பிஎன்எஸ்எஸ் (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 152ஆம் பிரிவுப்படி கோட்டாட்சியர் உத்தரவிடலாம். உரிமையாளர்தான் மனு கொடுக்கணும்னு இல்லை. தகவல் கிடைச்சாலே போதும். அம்மாவும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து குன்னூர் கோட்டாட்சியருக்கு எழுதட்டும். நகலை வனத்துறைக்கும் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கணும்.

மனுவில சர்வே எண், மார்பு உயரத்துல (சுமார் 1.37 மீட்டர்) மரத்தோட சுற்றளவு, கூரையிலிருந்து தூரம், வேர்ப்பக்க மண் வெடிப்பு தெரியுற போட்டோ இதெல்லாம் வேணும். 'சவுக்கு'ன்னு மட்டும் எழுதாதீங்க. நம்ம மலையில சில்வர் ஓக்கைத்தான் அப்படிச் சொல்றோம், கீழ்நாட்டுல அது வேற மரம். வாரிசுச் சான்றிதழ் நகலும் வைங்க. பட்டா மாற்றத்துக்குக் காத்திருக்க வேண்டாம், அதைத் தனியா நடத்துங்க.

தேயிலைமேடு: நான் சொன்னது தப்புதான். உத்தரவு கைக்கு வர்ற வரைக்கும் அம்மா அந்தப் பக்க அறையில படுக்க வேண்டாம். கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிசு. வெட்டும்போது கம்பி பக்கத்துல இருந்தா மின்வாரியத்துல சொல்லி லைனை நிறுத்தணும். உச்சிக் கிளையிலிருந்து துண்டு துண்டா, கயிறு கட்டி இறக்கச் சொல்லுங்க. அடிக்கட்டையைத் தோண்டவே கூடாது, சரிவுல மண்ணைப் பிடிச்சிருக்கிறது அந்த வேர்தான். கட்டையை லாரியில ஏத்துறதுக்கு முன்னாடி வனத்துறையில பாஸ் வேணுமான்னு கேட்டுக்கங்க.