பழைய மஹிந்திரா இ-வெரிட்டோ மின்சாரக் காருக்கு சிசிஎஸ்2 அடாப்டரா? காசைக் கரியாக்காதீங்க

மஞ்சக்குப்பம் வயர்மேன்:
"அடாப்டர் ஒண்ணு இருந்தா போதும், பழைய இ-வெரிட்டோவையும் ஈசிஆர் ஃபாஸ்ட் சார்ஜர்ல போட்டுக்கலாம்"னு நேத்து ஒருத்தர் எழுதியிருக்கார். படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. அந்த வண்டி பேட்டரி 72 வோல்ட். அதுக்குன்னே வந்தது பாரத் டிசி-001ங்கிற சார்ஜர், 15 கிலோவாட், ஜிபி/டி வகை முனை. இப்ப ரோட்டோரம் நிக்கிற, சிசிஎஸ்2 வகை முனை இருக்கிற ஃபாஸ்ட் சார்ஜர் 200 வோல்ட்டுக்குக் கீழ இறங்காது. முனையை மாத்தினா வோல்ட் மாறிடுமா?

வில்லியனூர் வெரிட்டோ:
எழுதினது நான்தான். அது என்ன "ஒருத்தர்"? கார் கேக்கிறதைத்தான் சார்ஜர் குடுக்கும். சின்னப் பையனுக்கும் தெரியும்.

மஞ்சக்குப்பம் வயர்மேன்:
கேக்கலாம். 72 கேட்டா சார்ஜர் எரர் காட்டிட்டு நின்னுடும். சார்ஜரும் காரும் பேசிக்கிற மொழியும் வேற: சிசிஎஸ்2 பேசறது பிஎல்சி, ஜிபி/டி பேசறது கேன். நடுவுல போர்டு வச்சுப் பேச வச்சாலும் வோல்ட்டுக்கு எங்க போவீங்க?

காலாப்பட்டு கார்த்தி:
வெளிநாட்டுல நிசான் லீஃப் மின்சாரக் காருக்கு சிசிஎஸ் டு சாடெமோ (அந்தக் காரோட முனை) அடாப்டர் விக்கிறாங்களே, அது மட்டும் எப்படி?

மஞ்சக்குப்பம் வயர்மேன்:
லீஃப் பேட்டரி 350 வோல்ட் பக்கம், தம்பி. சார்ஜரோட எல்லைக்குள்ள இருக்கு. இது 72. 72!

திருப்பாப்புலியூர் வாசகர்:
முதல்ல எந்த அடாப்டரைப் பத்திப் பேசறீங்க? வீட்டுல போடற ஏசியா, ஃபாஸ்ட் சார்ஜர் டிசியா?

வில்லியனூர் வெரிட்டோ:
வயர்மேன், 200னு எங்க எழுதியிருக்கு? நான் பார்த்த சார்ஜர் பிளேட்ல 150னு போட்டிருந்துச்சு.

மஞ்சக்குப்பம் வயர்மேன்:
சிலதுல 150, பலதுல 200. 150ன்னாலும் உங்க பேட்டரிக்கு ரெண்டு மடங்கு!

வில்லியனூர் வெரிட்டோ:
200ஆ 150ஆ? ஒண்ணைச் சொல்லுங்க. இன்வெர்ட்டர் விஷயத்துலயும் இப்படித்தான் மாத்தி மாத்திப் பேசினீங்க. நான் மறக்கலை.

மஞ்சக்குப்பம் வயர்மேன்:
இன்வெர்ட்டரை இங்க ஏன் இழுக்கிறீங்க? 72 வோல்ட்ல 15 கிலோவாட் ஏத்தணும்னாலே 200 ஆம்பியர் ஓடணும். ஊர் பேர் தெரியாத அடாப்டரோட பின் அதைத் தாங்குமா? உருகிப் போனா யார் பொறுப்பு? வீட்டுல ராத்திரி ஏசில போடுங்க, வண்டி நல்லா இருக்கும். பாண்டிக்காரங்களுக்கு எல்லாம் அவசரம்.

வில்லியனூர் வெரிட்டோ:
ஊரை இழுக்காதீங்க. கடலூர்ல பாதிப் பேர் வரிக்குப் பயந்து எங்க பிஒய் (பாண்டி) நம்பர்லதான் வண்டி ஓட்டறாங்க.

காலாப்பட்டு கார்த்தி:
மின்சாரக் காருக்குத் தமிழ்நாட்டுலயே வரி விலக்கு குடுத்தாங்களே, அண்ணா.

வில்லியனூர் வெரிட்டோ:
நான் பெட்ரோல் வண்டியைச் சொன்னேன். நீ குறுக்க வராதே.

திருப்பாப்புலியூர் வாசகர்:
ஏசியா, டிசியான்னு கேட்டேனே...

மஞ்சக்குப்பம் வயர்மேன்:
டிசிதான் சார், வேற எதுக்கு இவ்வளவு நேரம் கத்தறேன்? வில்லியனூர், பிஒய் நம்பர் பேச்சை விடுங்க. 72 வோல்ட் குடுக்கிற ஒரு சிசிஎஸ்2 சார்ஜர் பிளேட்டைப் போட்டோ எடுத்துப் போடுங்க.

வில்லியனூர் வெரிட்டோ:
முதல்ல நீங்க 200க்குப் போட்டோ போடுங்க.