மாணவர் காணொளிக் கதைகளுக்கு எப்படி மதிப்பெண் போடுவது?

பாம்பன் ஆசிரியை: கடலைப் பற்றி மூன்று நிமிடக் காணொளி கேட்டேன். ஒருவன் 1964 தனுஷ்கோடிப் புயலை எடுத்திருக்கிறான். அதிரும் இசை, பறக்கும் எழுத்துகள், கதைதான் இல்லை. இன்னொருத்தி, கடற்பாசி எடுக்கும் பாட்டியின் விரல்களில் சுற்றிய துணியை மட்டும் காட்டி, அவர் பேச்சை ஓடவிட்டிருக்கிறாள். பாதி காற்றிரைச்சல். யாருக்கு அதிகம் போடுவது?

மண்டபம் ஆசிரியர்: பாட்டிக்குத்தான், டீச்சர்! ஒலியை நிறுத்திப் பாருங்கள். பிறகு கண்ணை மூடிக் கேளுங்கள். படமும் குரலும் ஒன்றையே சொன்னால் ஒன்று வீண்.

கீழக்கரை ஆசிரியர்: இரைச்சலுக்குக் கொஞ்சம் குறைக்கத்தான் வேண்டும். மைக்கைக் கைக்குட்டையால் மூடச் சொல்லித்தந்தீர்களா? இல்லையென்றால் விட்டுவிடுங்கள். புயல் கதையில் 2025-இல் திறந்த புதிய பாம்பன் பாலத்தைக் காட்டியவனுக்கு நான் தாராளமாகக் குறைத்தேன்.

பாம்பன் ஆசிரியை: ஐயோ, என் பறக்கும் எழுத்துக்காரனும் அதே பாலத்தைத்தான் போட்டிருக்கிறான்!