தோடி சோக ராகமா?

ஆடுதுறைக்காரன்:
பிடித்த இசையைப் பற்றி நேற்று ஆளாளுக்கு எழுதிக்கொண்டிருந்தபோது மழைச்சாரல் ஒரு வரி போட்டிருந்தார். நாயனம் வாசித்த திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்டு ராத்திரி முழுக்க அழுதாராம், தோடி சோக ராகம் என்பதால் அழுகை வந்ததாம். அழுததில் எனக்கு ஒன்றும் இல்லை, நானும் அழுதவன்தான். ஆனால் தோடி சோக ராகம் என்று யார் சொன்னது? எங்கள் பக்கம் மாப்பிள்ளை அழைப்பில் தெருமுனையில் நின்று முக்கால் மணி நேரம் தோடி வாசித்துக் கேட்டிருக்கிறேன். சோக ராகத்தையா மாப்பிள்ளை அழைப்பில் வாசிப்பார்கள்?

மழைச்சாரல்:
அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பி, வீடு காலியான ராத்திரி அவருடைய பழைய கேசட்டைப் போட்டேன், அதில் அந்தத் தோடி இருந்தது என்று எழுதியிருந்தேன். அத்தனையும் படித்துவிட்டு உங்கள் கண்ணில் பட்டது அந்த ஒரு சொல்தானா? எனக்கு அது சோகம்தான்.

கேசட்பெட்டி:
மழைச்சாரல் சொல்வதே சரி. தோடியின் காந்தாரத்தை, அதாவது ‘க’ சுரத்தைக் கேட்டுப் பாருங்கள், விம்மல் மாதிரியே இருக்கும். மேற்கத்திய இசையில் இதே சுரங்களை ஃபிரிஜியன் என்பார்கள், அவர்கள் காதுக்கும் அது இருட்டாகத்தான் கேட்கிறது. ஆடுதுறையில் பிறந்தால் மட்டும் காது வந்துவிடாது ஐயா.

ஆடுதுறைக்காரன்:
சுரம் ஒன்றாக இருந்தால் ராகம் ஒன்றாகிவிடுமா? ஃபிரிஜியனில் காந்தாரம் நின்ற இடத்தில் நிற்கும். தோடியில் அது முன்னால் இருக்கும் ரிஷபத்துக்கும் (ரி) பின்னால் வரும் மத்தியமத்துக்கும் (ம) நடுவில் ஊஞ்சலாடும், ஆட்டத்தை நிறுத்திவிட்டால் அது தோடியே இல்லை. ‘தாயே யசோதா’ என்ன ராகம்? தோடி. கண்ணன் செய்யும் குறும்பை ஆய்ச்சியர் வந்து அவன் தாயிடம் முறையிடுகிற பாட்டு அது, அதில் எங்கே இருக்கிறது ஒப்பாரி? என்னை உலுக்குவது எது என்று சொல்கிறேன். அதுவரை எல்லோரும் உச்சத்தில் கீச்சென்று ஒலிக்கும் திமிரி நாயனம் வாசித்த காலத்தில் பிள்ளைவாள் நீளமான பாரி நாயனத்துக்கு மாறினார், சுருதி இறங்கியது, ஒலியில் ஆண் குரலின் கனம் வந்தது. அந்தக் கனத்தோடு ‘ப’ என்கிற பஞ்சமத்தைத் தொடாமல் தாண்டித் தாண்டி ஒரு பிடி பிடிக்கும்போது எனக்கு மூச்சு நின்றுவிடும். அந்தக் கால இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிடம் கிடைத்தாலே பெரிது. அதற்குள் அப்படி வாசித்த மனிதரைச் சோகம் என்று ஒரு சொல்லில் அடைத்தால் கோபம் வராதா?

வீணைத்தந்தி:
தோடியை விடுங்கள், எல்லோரும் அழுமூஞ்சி ராகம் என்று ஒதுக்குகிற முகாரியே சோக ராகம் கிடையாது. சபரி பெற்ற பாக்கியத்தைத் தியாகராஜர் முகாரியில்தான் பாடி வைத்திருக்கிறார். அப்புறம் ஒன்று, ‘நாயனம்’ என்று எழுதாதீர்கள். நாகசுரம் என்பதுதான் முறையான பெயர்.

ஆடுதுறைக்காரன்:
நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாயனம் செய்கிற பட்டறை எனக்கு நடந்து போகிற தூரம். 2022இல் அந்த நாயனத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோரும் ஓடி வந்து படம் எடுத்தார்கள், அதற்கு முன்பு எத்தனை பேர் அந்தத் தெருவை எட்டிப் பார்த்தீர்கள்? அங்கே போய் நின்று நாயனம் என்று சொல்லாதீர்கள் என்று சொல்லிப் பாருங்கள்.

வீணைத்தந்தி:
பட்டறைக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் சொல்லுக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவீர்களா? முகாரியைப் பற்றிச் சொன்னேன், அதற்கு ஒரு வார்த்தை பதில் இல்லை.

கேசட்பெட்டி:
இவர் எப்போதும் இப்படித்தான். நாயனத்துக்கு இவ்வளவு உருகுகிறவர் வீட்டுக் கல்யாணத்தில் செண்டை மேளம் அடித்தார்கள் என்று போன மாதம் அவரே எழுதினார். என்னிடம் இன்னும் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துப் போடுகிறேன்.

ஆடுதுறைக்காரன்:
செண்டை மேளம் மாப்பிள்ளை வீட்டார் ஏற்பாடு. தாலி கட்டும்போது கெட்டிமேளம் நம்முடையதுதான், தவிலுக்கு வலங்கைமானிலிருந்து ஆள் வந்திருந்தார். தெரியாத விஷயத்தில் வாயை விடாதீர்கள். தோடிக்கு வாருங்கள். சோக ராகம் என்றால் மாப்பிள்ளை அழைப்பில் ஏன் வாசித்தார்கள்? இதற்கு இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.

மழைச்சாரல்:
அந்தக் கேசட்டின் உறை மேல் அப்பா தன் கையெழுத்தில் ‘தோடி, ராத்திரியில் கேட்க’ என்று எழுதியிருக்கிறார். பகலில் அவர் அதைப் போட்டு நான் பார்த்ததே இல்லை. உங்கள் மாப்பிள்ளை அழைப்பு உங்களோடு இருக்கட்டும் அண்ணா, எனக்குத் தோடி அந்த ராத்திரிதான்.

ஆடுதுறைக்காரன்:
மாப்பிள்ளை அழைப்பும் ராத்திரியில்தான் அம்மா நடக்கும்.