கச்சாப்போன்: தமிழில் என்ன சொல்வது?

கலைச்சொல் குழும நண்பர்களுக்கு வணக்கம். கைபேசி விளையாட்டு ஒன்றைத் தமிழாக்கும் நண்பருக்காக, ஜப்பானின் "கச்சாப்போன்" எந்திரத்துக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் மடல் இழையில் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> காசு போட்டால் பொம்மை தரும் எந்திரம், அவ்வளவுதானே? "தானியங்கிப் பொம்மை வழங்கி" என்று வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம். இதற்கு ஏன் ஒரு வாரம்?

ஒரு வாரம் ஆனதற்கு நானும் ஒரு காரணம். "போதாது" என்று ஒற்றை வரி எழுதிவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டேன், மன்னிக்கவும். ஏன் போதாது என்று இப்போது விளக்குகிறேன்.

போன வருஷம் வேலையாகத் தோக்கியோ போனபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கையில் மிஞ்சியது. அதை முழுக்க, மின்கருவிக் கடைகளுக்குப் பேர்போன அகிஹபாரா என்ற பகுதியில் கழித்தேன். ரயிலை விட்டு இறங்கினால் ஒரு வாசலுக்குப் பெயரே "மின்சாரத் தெரு வாசல்". போருக்குப் பிறகு அங்கே ரேடியோ உதிரிபாகம் விற்கும் கள்ளச்சந்தை இருந்தது. பக்கத்தில் மின்பொறியியல் படித்த பையன்கள் வால்வு வாங்கி ரேடியோ செய்து விற்ற காலம். தெருக்கடைகளை எடுக்கச் சொல்லி உத்தரவு வந்ததும் கடைக்காரர்கள் ரயில் பாலத்துக்கு அடியில் போய் ஒண்டிக்கொண்டார்கள். அந்தக் கடைகள் இன்னும் இருக்கின்றன. ஒரு ஆள் உட்கார்ந்தால் கடை நிறைந்துவிடும். அவரைச் சுற்றிச் சின்னச் சின்னப் பெட்டிகளில் சுவிட்ச், ரெசிஸ்டர், ஒயர். நம் சென்னை ரிச்சி தெருவில் அலைந்தவர்களுக்கு அந்த வாசனை தெரியும்.

பிறகு அங்கே விற்கும் பொருள் மாறிக்கொண்டே வந்தது. ரேடியோ போய் டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின். 1976இல் ரேடியோ கைக்கான் கட்டடத்தில் என்ஈசி நிறுவனம் பாகங்களாக வாங்கி நாமே பூட்டும் கணினிக் கருவித்தொகுப்பைக் காட்டி விளக்க ஒரு இடம் திறந்தது. கணினிப் பித்தர்கள் அங்கே கூடினார்கள். 90களின் கடைசியில் அதே கட்டடத்துக்குள் பொம்மைக் கடைகள் நுழைந்தன. இன்றைக்கு அனிமே, விளையாட்டு, சிலை என்று தெருவே அதுதான். ஆனால் கடையின் அளவு மட்டும் மாறவில்லை என்று எனக்குத் தோன்றியது. இப்போது அங்கே கண்ணாடிப் பெட்டியை மாத வாடகைக்கு விடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் ஒரு பெட்டி எடுத்து, தன்னிடம் மிஞ்சிய பொம்மையை விலை ஒட்டி வைத்துவிட்டுப் போகலாம். பாலத்தடிக் கடையை இன்னும் சுருக்கினால் அதுதான்.

இதற்கும் நம் சொல்லுக்கும் தொடர்பு இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்.

மத்தியத் தெருவை ஒட்டிய சந்தில், சுவரே தெரியாமல் நூற்றுக்கணக்கில் இந்த எந்திரங்களை அடுக்கிய ஒரு கூடம் இருக்கிறது. நூறு யென் நாணயங்களைப் போட்டுப் பிடியைத் திருக வேண்டும். "கச்சா" என்று ஒரு சத்தம். ஒரு பிளாஸ்டிக் உருண்டை "போன்" என்று விழும். அவ்வளவுதான் பெயர்க்காரணம்: திருகும் ஒலி, விழும் ஒலி. அமெரிக்காவிலிருந்து 1965இல் இறக்கிய எந்திரத்துக்கு ஜப்பானியர் தங்கள் காதில் விழுந்ததையே பெயராக வைத்துவிட்டார்கள். அப்போது ஒரு திருகு பத்து யென். 1977இல் பண்டாய் என்ற பொம்மை நிறுவனம் இதில் இறங்கி நூறு யென் எந்திரம் வைத்தது. அவர்கள் எழுதுவது "கஷாப்போன்". காதுக்குக் காது வேறு போல.

நான் திருகிய எந்திரத்தின் முகப்பில் ஆறு பொம்மைகளின் படம். எனக்கு அதில் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ மட்டும் வேண்டும். ஒரு திருகு முந்நூறு யென். முதலில் மின்விசிறி வந்தது. அடுத்ததும் மின்விசிறி. மூன்றாவதைத் திறக்கும்போதே தெரிந்துவிட்டது. ஒரே பொம்மை திரும்ப வந்தால் ஜப்பானியர் "தாபுரி" என்பார்கள். ஆங்கில "டபுள்"தான் அப்படி ஆகியிருக்கிறது. பபிள்கம் அட்டை சேர்த்த நாளில் நாமும் "டபுள்டா, மாத்திக்கலாமா?" என்றுதானே கேட்டோம்! காலி உருண்டைகளைக் கூடையில் போட்டுவிட்டு வெளியே வந்தேன். இரண்டு கட்டடம் தள்ளி ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த ரேடியோ உட்கார்ந்திருந்தது. எழுநூறு யென். வாங்கினேன். மின்விசிறி பத்து ரூபாய்க்குக்கூடப் போகாது.

"பொம்மை வழங்கி"யில் விட்டுப்போவது இதுதான். வழங்கி என்றால் கேட்டதைக் கொடுக்க வேண்டும். இது கேட்டதைக் கொடுப்பதில்லை, ஆனால் வெறுங்கையாகவும் அனுப்புவதில்லை. அதனால்தான் "குலுக்கல்" என்ற பரிந்துரையும் எனக்கு ஒட்டவில்லை. குலுக்கலில் ஒருவருக்கு விழும், மற்றவர்களுக்கு நாமம். "சூதுப்பொறி" என்றால் சொல்லிலேயே தீர்ப்பு எழுதியதாகிவிடும்.

ஜப்பானியர் சுருக்கிச் சொல்வதுபோல் அப்படியே "கச்சா" என்று எழுதிவிடலாம் என்றார் ஒருவர். கச்சா எண்ணெய் இருக்கிறதே! "கச்சா விளையாட்டு" என்று தலைப்பு வைத்தால் பெட்ரோல் விலை பற்றிய செய்தி என்றுதான் படிப்பார்கள். போதாததற்கு முதல் எழுத்தை அவர்கள் "கங்கை"யின் ககரமாகச் சொல்கிறார்கள். நாம் "கல்"லின் ககரமாகப் படிப்போம்.

என் பரிந்துரை: சிமிழ். குங்குமச் சிமிழில் உள்ள அதே சிமிழ். கைக்குள் அடங்கும், மூடி உண்டு, திறந்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். பொம்மை "சிமிழ்ப்பொம்மை", எந்திரம் "சிமிழ்ப்பொறி". கருத்துச் சொல்லுங்கள்.

*

தம்பி,

சிமிழ் நல்ல சொல். வீட்டில் கிடந்த சொல்லை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறீர்கள். ஆனால் இரண்டு இடத்தில் எனக்குத் திருப்தி இல்லை.

ஒன்று, ஒலி. ஜப்பானியனுக்கு ஒலியிலிருந்து பெயர் வைக்கத் தெரிந்தால் நமக்குத் தெரியாதா? சலசல, கடகட, மளமள என்று இரட்டைக்கிளவி வைத்திருக்கிறோம். காகத்துக்கும் குயிலுக்கும் கூவிய ஒலியையே பெயராகச் சூட்டிய மொழி இது. உங்கள் எந்திரத்தைப் பெட்டிக்கடை வாசலில் வைத்தால் பிள்ளைகள் "கிறுக்–டொப்" என்று ஒரே நாளில் பெயர் வைத்துவிடுவார்கள். (டகரம் மொழிமுதல் வராது என்று யாரும் மடல் போட வேண்டாம். நடுவில்தான் வருகிறது.)

இரண்டாவது பெரியது. இந்த இழை தொடங்கியதே கைபேசி விளையாட்டு ஒன்றைத் தமிழாக்கும் நண்பருக்காக. திரையில் திருகும் இல்லை, உருண்டையும் இல்லை. பொத்தானைத் தொட்டால் ஒரு வீரனோ வாளோ வருகிறது. அங்கே சிமிழ் எப்படி நிற்கும்?

*

ஐயா,

"கிறுக்–டொப்" கேட்டு வாய்விட்டுச் சிரித்தேன். கலைச்சொல் பட்டியலில் ஏறாவிட்டாலும் தெருவில் அதுதான் ஜெயிக்கும், ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவது கேள்விதான் என்னை இரவு உட்கார வைத்தது. முதலில் ஒரே சொல் இரண்டுக்கும் போதும் என்று நினைத்தேன். ஜப்பானியர் அப்படித்தான் செய்தார்கள். யோசித்தால் இரண்டும் ஒரே கணக்கு இல்லை.

நம் ஊர்ப் பெட்டிக்கடையில் அட்டை தொங்குமே, நம்பர் கிழிக்கிற அட்டை. நடுவில் ஒரு பெரிய பலூன். அட்டையில் நூறு சீட்டு என்றால், யாராவது நூறையும் கிழித்தால் பலூன் வந்தே தீர வேண்டும். (வராது, அந்தச் சீட்டைக் கடைக்காரர் முதலிலேயே உருவி வைத்திருப்பார் என்பது எங்கள் தெருவின் அசைக்க முடியாத நம்பிக்கை.) சிமிழ்ப்பொறியும் அப்படித்தான். எடுக்க எடுக்க உள்ளே குறையும். எனக்கு மூன்று மின்விசிறி வந்ததென்றால் அடுத்து வருபவருக்கு மூன்று மின்விசிறி குறைவு. கைபேசியில் பெரும்பாலும் எதுவுமே குறைவதில்லை. நூற்றில் ஒரு வாய்ப்பு என்றால் தொண்ணூற்றொன்பது முறை தோற்ற பிறகும் நூற்றில் ஒன்றுதான். நூறு முறை தொட்டும் கிடைக்காதவர் நூற்றுக்கு முப்பத்தாறு பேருக்கு மேல் இருப்பார்கள், கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

அதனால் கைபேசிக்குச் சிமிழைத் தனியாக நிறுத்தாமல் செயலைச் சேர்த்துச் சொல்லலாம்: "சிமிழெடுப்பு". திரையில் சிமிழ் இல்லையே என்றால், கணினிக் கோப்பிலும் காகிதம் இல்லை. பொறி வேறு, எடுப்பு வேறு என்ற பிரிவு நின்றால் போதும்.

கிளைச்சொற்களும் வேண்டும். இத்தனை முறை எடுத்தும் கிடைக்காவிட்டால் கேட்டதைக் கொடுத்துவிடுகிறோம் என்று சில விளையாட்டுகளில் ஒரு எல்லை வைக்கிறார்கள். ஜப்பானியர் அதை "தென்ஜோ" என்கிறார்கள், வீட்டு உட்கூரை என்று பொருள். இதற்கு நாம் எதுவும் ஆக்க வேண்டாம்; நில உச்சவரம்புச் சட்டம் வந்த நாளிலிருந்து சொல் காத்திருக்கிறது. உச்சவரம்பு.

இன்னொன்று, "கொம்பு கச்சா". நமக்குத் தெரிந்த கொம்பு இல்லை, "கம்ப்ளீட்" என்பதன் வால் அறுந்த வடிவம். சிமிழெடுப்பில் வருபவற்றில் குறிப்பிட்ட ஐந்தையோ ஆறையோ முழுதாகச் சேர்த்தால்தான் பெரிய பரிசு. முதல் நான்கு சுலபமாக வரும். கடைசி ஒன்றுக்குப் பணம் கரையும். 2012 மே மாதம் ஜப்பானின் நுகர்வோர் முகமை இது சட்டவிரோதம் என்றது. அதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. அட்டை சேர்த்துப் பரிசு வாங்கும் முறைக்கு எதிராக ஏற்கெனவே ஒரு விதி, 1962ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழ் இருந்தது. அதையே எடுத்துக் காட்டினார்கள். இதற்கு "முழுச்சேர்ப்பு" என்று போட்டிருக்கிறேன். "கூட்டுச்சேர்ப்பு" என்றும் ஒன்று மனதில் வந்தது, ஆனால் அது ஏதோ கறிக்கூட்டு மாதிரி ஒலிக்கிறது.

தாபுரிக்கு "இரட்டை" என்று எழுதிப் பார்த்தேன். மூன்றாவது மின்விசிறி நினைவுக்கு வந்து அடித்துவிட்டேன். "டபுள்" என்றே விட்டுவிடலாமா? தமிழாக்கும் நண்பர் வெள்ளிக்கிழமைக்குள் பட்டியல் கேட்கிறார். மற்றவர்களும் ஒரு வரி போடுங்கள்.